வேலூர் வெயிலுக்கு 32 கண்ணாடி: வீட்டுப் பட்டறையில் சூரிய அடுப்பு கட்டும் முழு வழிகாட்டி

வேலூரை வெயிலூர் என்று சொல்லாத ஆளே கிடையாது. அந்த வெயிலில் பாதியையாவது பானைக்குள் தள்ள வேண்டும் என்று சத்துவாச்சாரியில் என் வீட்டு மொட்டை மாடியில் நான் கட்டி வைத்திருப்பதுதான் இந்த அடுப்பு. ஆறு அங்குலச் சதுரக் கண்ணாடித் துண்டுகள் 32, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் ப்ளைவுட் பலகை, அதற்கு மூன்று அடி மேலே தொங்கும் ஒரு கறுப்புப் பானை, இவ்வளவுதான். நல்ல வெயிலில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 35 நிமிடத்தில் கொதிக்கிறது. மோட்டார் இல்லை, கரன்ட் இல்லை. வெல்டரிடம் ஒரு நாள் வேலை இருக்கிறது, மற்றதெல்லாம் வீட்டிலேயே முடியும்.

கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே போனால் சூடு தானாக ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். நூறு கண்ணாடி வைத்து அதில் நாற்பது மட்டும் பானையில் விழுந்தால் அது நாற்பது கண்ணாடி அடுப்புதான், மீதி அறுபதும் பக்கத்து வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் கண்ணாடியைத் திசை வைக்கும் பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன். இன்னொன்று, வெளிநாட்டு வரைபடங்களை அப்படியே எடுத்துக் கட்டினால் நம் ஊரில் உச்சி வேளையில் உதைக்கும். ஏன் என்று சட்டம் கட்டும்போது சொல்கிறேன்.

முதலில் கண்ணைக் காப்பாற்றுங்கள்

இதைக் கடைசியில் வைத்தால் யாரும் படிப்பதில்லை. குவியும் இடத்தில் வெறும் வெயிலைப்போல் இருபது மடங்குக்கு மேல் ஒளி விழும். காய்ந்த மரம் அதில் சில நிமிடத்தில் கருகிப் பற்றும். தண்ணீர் இல்லாத அலுமினியப் பானை வளைந்துபோகும். பளபளப்பான எவர்சில்வர் பாத்திரத்தை அங்கே வைத்தால் அது அந்த ஒளியை உங்கள் கண்ணுக்கே திருப்பிவிடும். விழித்திரை சுட்டால் வலிக்காது, பார்வை மங்கிய பிறகுதான் தெரியும். கேஸ் வெல்டிங் செய்பவர்கள் போடும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பானையைப் பார்க்க வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு சூரியனைப் பார்க்கவே கூடாது.

பானையைத் தொடும் முன் கண்ணாடிகளைத் துணியால் மூட வேண்டும். துணி முதலில், பானை அப்புறம். எந்த அவசரத்திலும் இதை மாற்றாதீர்கள். வேலை முடிந்ததும் அதே துணியைப் போட்டுக் கட்டிவிட வேண்டும், பத்து நிமிடம்தானே என்று திறந்து விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது. நான் ஒரு தடவை அப்படிப் போனேன். சூரியன் நகர்ந்ததும் குவியமும் நகர்ந்து, அடுப்புக்கு மேலே ஓரமாகக் கட்டியிருந்த நைலான் கொடியில் விழுந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் கொடி உருகி அறுந்து, அம்மா காயப்போட்ட துணியெல்லாம் தரையில் கிடந்தது. அது ஒரு குழந்தையின் கையாகவோ பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டியாகவோ இருந்திருக்கலாம். அன்றிலிருந்து மூடு துணியை அடுப்பின் காலிலேயே கட்டி வைத்திருக்கிறேன்.

மூடி இறுகிய பாத்திரம், பாட்டில், ஆவி வெளியேற வழியில்லாத எதையும் அந்த ஒளியில் வைக்காதீர்கள். திறந்த பானை, மேலே தளர்வான தட்டு, அது போதும்.

தட்டைக் கண்ணாடி ஏன்

ஜவ்வாது மலைக் காவலூரில், முன்பு நம் வட ஆற்காட்டில் இருந்த ஊர்தான், 1986 முதல் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அதன் ஆடி 2.34 மீட்டர் அகலம். நட்சத்திரத்தின் பிம்பம் துல்லியமாக விழ வேண்டும் என்பதால் அதன் வளைவில் இம்மியும் பிசகக்கூடாது. நமக்குப் பிம்பம் வேண்டாம், பானை அடியில் சூடு விழுந்தால் சரி. அதற்குத் தட்டைத் துண்டுகளே தாராளம். 1870களிலேயே பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்பவர் விலை உயர்ந்த வளைந்த ஆடிக்குப் பதிலாக 72 தட்டைக் கண்ணாடிகளை வரிசையாக நிறுத்தி ஒரு கொதிகலனைச் சுட வைத்து, நீராவி இயந்திரத்தையே ஓட்டிக் காட்டினார். ஆரோவில்லில் சூரிய சமையலறை மேல் இருக்கும் 15 மீட்டர் அகலக் கிண்ணமும் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் ஒட்டியதுதான், அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

தட்டைத் துண்டில் ஒரு கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் கண்ணாடியிலிருந்து போகும் ஒளித் துண்டு தூரம் போகப்போக அகலும், 90 செ.மீ. தூரத்தில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் கூடும். 15 செ.மீ. கண்ணாடி சாய்ந்து நிற்பதையும் சேர்த்தால் பானையில் விழும் வெளிச்சம் 16, 17 செ.மீ. அகலம். ஆகவே பானை அடி 22 செ.மீ. இருந்தால் ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சும், அந்த மிச்சம்தான் சூரியன் நகரும்போது நமக்குக் கிடைக்கும் நேரம்.

பொருள் வாங்கும்போது

லாங் பஜார் பக்கமோ ஆற்காடு ரோடு பக்கமோ உங்களுக்குப் பழகிய கண்ணாடிக் கடைக்குப் போய் 4 எம்.எம். முகம் பார்க்கும் கண்ணாடியில் கழிவுத் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். டிரெஸ்ஸிங் டேபிளுக்கு வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் எல்லாக் கடையிலும் மூலையில் சாய்த்து வைத்திருக்கும். நான் 5 எம்.எம். கேட்டதற்குக் கடைக்கார அண்ணன், “வேண்டாம் தம்பி, வெயிட்டு ஏறிடும், நாலே போதும்” என்றார். அவர் சொன்னது சரிதான், 4 எம்.எம். கண்ணாடியே சதுர மீட்டருக்குப் பத்து கிலோ. 15 செ.மீ. சதுரமாக 36 வெட்டி வாங்குங்கள். தேவை 32, நான்கு உடையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய ஓரங்களை உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து மழுக்கிவிட்டு, பின்பக்க ஓரத்தைச் சுற்றி எனாமல் பெயின்ட் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு ஐப்பசி மழைக்கே ஓரத்திலிருந்து ரசம் கறுத்துக்கொண்டு உள்ளே வரும்.

ஒட்டும் சிலிகானில் கவனம் வேண்டும். டியூபைப் பிதுக்கியதும் வினிகர் மாதிரி புளித்த நாற்றம் அடித்தால் அதைத் தள்ளி வையுங்கள், அதிலிருக்கும் அமிலம் கண்ணாடியின் பின்பூச்சைத் தின்றுவிடும். நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்க வேண்டும்.

மற்றவை: அடிப்பலகைக்கு 18 எம்.எம். ப்ளைவுட் ஒரு மீட்டர் சதுரம், கண்ணாடிக்குப் பின்னால் ஒட்ட 6 எம்.எம். ப்ளைவுட்டில் 13 செ.மீ. சதுரத் துண்டுகள் 32, முழுக்க மரை போட்ட 6 எம்.எம். போல்ட் 75 எம்.எம். நீளத்தில் 96, மரத்தில் அடித்து இறக்கும் டீ நட் 96, சாதா நட் 96, சின்ன இழுவிசை ஸ்பிரிங் 32. ஸ்பிரிங் கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபை விரல் அகலப் பட்டையாக வெட்டிப் பயன்படுத்தலாம், வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கும். சட்டத்துக்கு ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாய்.

பலகையும் கண்ணாடியும்

பலகையில் ஆறுக்கு ஆறு கட்டம் போடுங்கள். கண்ணாடி 15 செ.மீ., இடைவெளி ஒன்றரை செ.மீ., ஆக ஒரு நடுப்புள்ளியிலிருந்து அடுத்த நடுப்புள்ளிக்கு 16.5 செ.மீ. நடுவில் இருக்கும் நான்கு கட்டத்தைக் காலியாக விடுங்கள், அங்கே எப்படியும் பானையின் நிழல்தான் விழும். மீதி 32.

ஒவ்வொரு கட்டத்திலும் நடுப்புள்ளியைச் சுற்றி மூன்று ஓட்டை, ஒன்றுக்கொன்று 11 செ.மீ. தூரத்தில் முக்கோணமாக. பலகையின் முன்பக்கத்திலிருந்து டீ நட்டை அடித்து இறக்கி, பின்பக்கத்திலிருந்து போல்ட்டை முடுக்கி முன்னால் வர விடுங்கள். போல்ட்டின் முனைகள் மூன்றும் கண்ணாடி ஒட்டிய துண்டின் முதுகைத் தள்ளி நிற்கும், நடுவில் இருக்கும் ஸ்பிரிங் அந்தத் துண்டைப் பலகை நோக்கி இழுத்துப் பிடிக்கும். ஒரு போல்ட் முனை உட்காரத் துண்டின் முதுகில் சின்னக் குழி ஒன்று தோண்டுங்கள், இன்னொரு முனைக்குச் சின்னதாக ஒரு நீளப் பள்ளம், மூன்றாவது சும்மா உட்காரட்டும். குழி இல்லாமல் விட்டால் பலகையைச் சாய்க்கும்போதெல்லாம் கண்ணாடி வழுக்கி இறங்கும்.

இந்த அமைப்பில் எனக்குப் பிடித்த விஷயம், எல்லாத் திருப்பலும் பலகைக்குப் பின்னாலிருந்தே நடக்கிறது, ஒளிக்கு முன்னால் தலையை நீட்டவே வேண்டாம். குழியில் உட்கார்ந்த போல்ட்டை ஒரு உயரத்தில் விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் திருப்பினால் கண்ணாடி எந்தத் திசைக்கும் சாயும். 6 எம்.எம். போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர். கண்ணாடி எவ்வளவு சாய்கிறதோ அதைப்போல் இரண்டு மடங்கு ஒளி திரும்பும். கணக்குப் போட்டால் ஒரு முழுச் சுற்றுக்குப் பானையில் வெளிச்சம் இரண்டு செ.மீ. போல நகரும், கால் சுற்றுக்கு ஐந்து மில்லிமீட்டர். கையாலேயே வேண்டிய துல்லியம் கிடைத்துவிடுகிறது.

கண்ணாடியை மரத்துண்டில் ஒட்டும்போது முழுக்கப் பூசாதீர்கள். மூன்று இடத்தில் மூன்று உருண்டை சிலிகான், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் நிற்கட்டும். மரம் மழைக்காலத்தில் உப்பும், கண்ணாடி உப்பாது. அழுத்தி ஒட்டினால் கண்ணாடி லேசாக வளையும், சில சமயம் விரியும். ஒரு நாள் அசைக்காமல் காய விடுங்கள்.

சட்டம்: நம் ஊருக்கு ஏற்ற மாதிரி

குளிர் நாட்டு வரைபடங்களில் அடுப்பை ஒரு சுழல் மேடையில் வைத்து இடம் வலமாகத் திருப்பி, அப்புறம் மேலும் கீழும் சாய்ப்பார்கள். அங்கே சூரியன் எப்போதும் தெற்கே தாழ்வாக ஓடுகிறது, அவர்களுக்கு அது பொருந்தும். வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒரு முறை சூரியன் நேர் உச்சந்தலைக்கு வந்து நட்ட கம்புக்கு நிழலே இல்லாமல் போகும். இரண்டுக்கும் நடுவே உச்சி வேளையில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த நாட்களில் சுழல் மேடை அடுப்பை உச்சி நேரத்தில் சில நிமிடத்துக்குள் கிழக்கிலிருந்து மேற்குக்கு அப்படியே சுற்ற வேண்டியிருக்கும், கண்ணாடியும் பானையும் கொதிநீருமாக.

நமக்கு ஏற்றது வடக்கு தெற்காகப் படுத்திருக்கும் அச்சு. அதன் வடக்கு முனை 13 டிகிரி மேலே தூக்கி நிற்க வேண்டும், துருவ நட்சத்திரத்தைப் பார்த்தபடி. அப்படி வைத்தால் நாள் முழுக்கக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரே சீராக, மணிக்கு 15 டிகிரி திருப்பினால் போதும். இரண்டு கால்களுக்கு நடுவே 1.3 மீட்டர் என்றால் வடக்குக் கால் தெற்குக் காலைவிட 30 செ.மீ. உயரம். நான் தெற்கே 50, வடக்கே 80 வைத்தேன்.

வெல்டரிடம் சொல்ல வேண்டியது இது: ஒரு அங்குலச் சதுரக் குழாயில் 120 செ.மீ. சதுரச் சட்டம். அதன் வடக்கு, தெற்குப் பக்கங்களின் நடுவில் அச்சு முளை, அது கால்களின் மேல் உள்ள பேரிங்கில் உட்காரும். அந்தச் சட்டத்துக்குள்ளே நம் ப்ளைவுட் பலகை, கிழக்கு, மேற்குப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொரு போல்ட்டில் தொங்கட்டும். தொட்டிலுக்குள் தொட்டில் மாதிரி. வெளிச்சட்டம் மணிக்கணக்குத் திருப்பலுக்கு, உள்பலகை பருவத் திருப்பலுக்கு. மார்ச், செப்டம்பர் 21 வாக்கில் உள்பலகை சட்டத்தோடு சமமாக நிற்கும், ஜூனில் 23 டிகிரி வடக்கே, டிசம்பரில் 23 டிகிரி தெற்கே சாயும். வாரம் ஒரு முறை நட்டைத் தளர்த்திச் சரி செய்தால் போதும்.

வடக்குத் தெற்கு கண்டுபிடிக்கப் போனை நம்பாதீர்கள், இரும்புச் சட்டத்துக்குப் பக்கத்தில் அதன் திசைகாட்டி பிசகும். தூக்குக்குண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, சூரியன் உச்சியைத் தாண்டும் நேரத்தில் நூலின் நிழலில் கோடு போடுங்கள், அதுதான் வடக்குத் தெற்கு. ஆனால் வேலூரில் உச்சி என்பது 12 மணி கிடையாது. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் 79.1இல் இருக்கிறோம். சராசரியாக 12.13க்குத்தான் உச்சி. பிப்ரவரி நடுவில் 12.27, மே நடுவில் 12.10, நவம்பர் ஆரம்பத்தில் 11.57. நிழலே விழாத அந்த ஏப்ரல், ஆகஸ்ட் நாட்களில் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

திருப்பிய இடத்தில் நிறுத்த ஒரு வழி வேண்டுமே. தெற்குக் காலில் 40 செ.மீ. ஆரமுள்ள அரைவட்ட ப்ளைவுட் ஒன்றை அறைந்து, விளிம்போடு 3 டிகிரிக்கு ஒரு ஓட்டை போட்டேன், ஓட்டைக்கு ஓட்டை 2.1 செ.மீ. சட்டத்திலிருந்து வரும் ஒரு ஆணி அந்த ஓட்டையில் நுழையும். சூரியன் 3 டிகிரி நகர 12 நிமிடம் ஆகிறது. 12 நிமிடத்துக்கு ஒரு ஓட்டை, மணிக்கு ஐந்து. பானை அடியில் நமக்கு மிஞ்சிய ஓரமும் ஏறக்குறைய 12 நிமிடத்துக்குத்தான் வருகிறது, அதனால் இரண்டும் ஒத்துப்போகிறது.

பானை தாங்கி

பலகையின் இரண்டு ஓரத்திலிருந்தும் இரண்டு குழாய்கள் எழும்பி 90 செ.மீ. உயரத்தில் பானையைப் பிடிக்க வேண்டும். பலகை சாய்ந்தாலும் பானை சாயக்கூடாது. நான் முதலில் உறி மாதிரி சங்கிலியில் தொங்கவிட்டேன். காலையில் நன்றாக இருந்தது. மதியம் இரண்டு மணிக்குப் பலகை மேற்கே சாய்ந்தபோது, சங்கிலி நேர் கீழே தொங்க, குவியம் வேறு பக்கம் போக, வெளிச்சத்தில் பாதி பானையைத் தொடாமலே போனது. தொங்கும் புள்ளிக்கும் பானைக்கும் இடையே ஒரு சாண் தூரம் இருந்ததுதான் காரணம். அப்புறம் இரும்புப் பட்டையில் வளையத்துக்குள் வளையம் செய்தேன். வெளி வளையம் ஒரு திசையில் ஆடும், உள் வளையம் அதற்குக் குறுக்காக ஆடும், பானையின் கழுத்து உள் வளையத்தில் உட்காரும். ஆடும் புள்ளி பானையின் வாய் மட்டத்தில் இருப்பதால் பானை தானாக நேராக நிற்கும், அடியும் குவியத்தை விட்டு அதிகம் விலகாது.

பானையும் தண்ணீரும் குழாயும் சேர்ந்து ஐந்து கிலோ வரும், அது 90 செ.மீ. மேலே இருப்பதால் சட்டம் ஒரு பக்கமாகக் கவிழப் பார்க்கும். பலகைக்குக் கீழே 40 செ.மீ. நீளக் கம்பி நீட்டி, அதன் முனையில் 11 கிலோ மணல் மூட்டை கட்டுங்கள். சரியாக அமைந்தால் ஒரு விரலால் தள்ளினாலே சட்டம் திரும்பும்.

பானைக்கு வெளியே கறுப்பு வேண்டும். விறகடுப்பில் பல வருடம் இருந்து கரி ஏறிய அலுமினியக் குண்டான் வீட்டில் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை, தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். இல்லாவிட்டால் வண்டி சைலன்சருக்கு அடிக்கும் கறுப்புப் பெயின்ட், வெளிப்பக்கம் மட்டும்.

கண்ணாடிக்குத் திசை வைப்பது

இந்த வேலையை ராத்திரியில் பட்டறைக்குள் செய்யுங்கள், அவசரமில்லாத ஒரு ராத்திரியில். பின்பக்கப் போல்ட்டுக்குக் கை போகும்படி பலகையைத் தரையிலிருந்து தூக்கி முட்டுக் கொடுத்து வைத்து, ரசமட்டம் பார்த்து நாலா பக்கமும் மட்டமாக்குங்கள். பானை வரும் இடத்தில், பலகையின் நடுப்புள்ளிக்கு நேர் மேலே 90 செ.மீ. உயரத்தில், ஒரு வெள்ளை அட்டையைக் கட்டி நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். நேர் மேலே இருக்கிறதா என்று தூக்குக்குண்டு சொல்லும்.

அப்புறம் சாவிக்கொத்தில் வரும் சின்ன லேசரை ஒரு மரக்கட்டையில் ஓட்டை போட்டு இறுக்கி, நேர் கீழே பார்க்கும்படி செய்யுங்கள். நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: கட்டையை நின்ற இடத்திலேயே சுற்றுங்கள், கீழே விழும் சிவப்புப் புள்ளி வட்டம் போட்டால் லேசர் சாய்ந்திருக்கிறது, புள்ளி அசையாமல் நின்றால் சரி. பலகைக்கு மேலே குறுக்காக ஒரு மட்டக்கோல் வைத்து, அதன் மேல் இந்தக் கட்டையை நகர்த்தி ஒவ்வொரு கண்ணாடியின் நடுவுக்கும் மேலே கொண்டு வாருங்கள். நேர் கீழே இறங்கும் லேசர்தான் இப்போது நம் சூரியன். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் புள்ளி அட்டையின் நடுவில் விழும் வரை பின்பக்கப் போல்ட் இரண்டையும் திருப்புங்கள். திரும்பி வரும் அந்தக் கதிர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சாய வேண்டும் என்று முன்பே தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும். காலி நடுவை ஒட்டிய எட்டுக் கண்ணாடிக்கு 8 டிகிரி, அவற்றுக்கு மூலையில் இருக்கும் நான்குக்கு பத்தரை, வெளி வரிசையின் நடுவில் இருக்கும் எட்டுக்கு பன்னிரண்டரை, அடுத்த எட்டுக்கு 14, நான்கு மூலைக்கும் பதினாறரை. மூலைக் கண்ணாடியில் ஒரு பக்கப் போல்ட் இன்னொரு பக்கத்தைவிட மூன்று செ.மீ.க்கு மேல் வெளியே நீட்டியிருக்கும், 75 எம்.எம். போல்ட் கேட்டதன் காரணம் அதுதான். திசை சரியானதும் பின்னால் இருக்கும் நட்டை இறுக்கிப் பூட்டுங்கள். இறுக்கும்போது போல்ட்டும் சேர்ந்து கொஞ்சம் திரும்பும், ஒரு கையால் ஸ்பேனர் போட்டுப் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும், இறுக்கிய பிறகு புள்ளியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். எனக்கு ஒரு கண்ணாடிக்கு ஐந்து நிமிடம் ஆனது. 32 முடிய விடியற்காலை ஆகிவிட்டது.

மறுநாள் வெயிலில் கடைசிச் சோதனை. 32க்கும் துணி போட்டு மூடி, பானை இடத்தில் ஒரு பழைய சிமென்ட் ஓடு வைத்து, ஒரு கண்ணாடியை மட்டும் திறந்து பாருங்கள். ஓட்டில் கரியால் போட்ட வட்டத்துக்குள் அந்தச் சதுர வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்துவிட்டு அதை மூடி அடுத்ததைத் திறங்கள். பலகை சூரியனை நேராகப் பார்க்கிறதா என்பதற்கு, பலகையின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு நீள ஆணி அடித்து வைத்தால் போதும், ஆணிக்கு நிழல் இல்லை என்றால் நேராக இருக்கிறது. இந்தச் சோதனையில் என் பலகையில் ஐந்து கண்ணாடி பிசகியிருந்தது. ஐந்தும் பூட்டு நட்டை இறுக்கும்போது திரும்பியவை.

ஓடவிட்டுப் பார்ப்பது

எவ்வளவு சக்தி கிடைக்கிறது என்று நீங்களே அளக்கலாம். லிட்டரை, ஏறிய டிகிரியால் பெருக்கி, 70ஆல் பெருக்கி, ஆன நிமிடத்தால் வகுத்தால் வாட் வரும். இரண்டு லிட்டர் தண்ணீர் 40லிருந்து 80 டிகிரிக்கு வர 18 நிமிடம் ஆனால் 311 வாட். 32 கண்ணாடியின் பரப்பு 0.72 சதுர மீட்டர், தெளிந்த வெயில் சதுர மீட்டருக்கு 800 வாட் என்றால் 576 வாட் விழுகிறது. கண்ணாடி கொஞ்சம் விழுங்கும், பானை கொஞ்சம் திருப்பும், காற்று கொஞ்சம் கொண்டுபோகும். 300 வந்தால் நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். 200க்குக் கீழே இருந்தால் கண்ணாடி பிசகியிருக்கிறது, திரும்பப் போய்த் துணியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கத்திரி வெயிலில்தான் இது அதிகம் கொதிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். காற்றின் சூடு இதற்குப் பெரிய உதவி கிடையாது, சூரியனிலிருந்து நேராக வரும் கதிர்தான் வேண்டும். மே மாதத்தில் வானம் வெளுத்துப் புழுதியும் புகையுமாக இருக்கும் நாட்களில் என் அடுப்பு மந்தமாகத்தான் இருந்தது, தை மாசி மாதங்களில் மலை விளிம்பு தெளிவாகத் தெரியும் நீல வானத்தில் நன்றாகக் கொதித்தது. உங்கள் நிழலைப் பாருங்கள். ஓரம் கத்தியால் வெட்டினாற்போல் விழுந்தால் சமைக்கலாம், பஞ்சு மாதிரி கலங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

காலை பத்திலிருந்து மதியம் இரண்டரை வரை நல்ல நேரம். இரண்டு ஆழாக்கு அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் வேகும். இலவம்பாடி முள் கத்தரிக்காய் போட்ட சாம்பார் வேகும், தாளிப்பது மட்டும் வீட்டு அடுப்பில். களி இதற்கு ஆகாது, கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த வெளிச்சத்துக்கு மேல் நின்று யாரும் கிண்ட முடியாது. என் அனுபவத்தில் இதற்கென்றே பிறந்தது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. பச்சை மல்லாட்டையை உப்புப் போட்டுப் பானையில் ஏற்றிவிட்டு, 12 நிமிடத்துக்கு ஒரு ஓட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் தோல் நெகிழ்ந்து உப்பு உள்ளே இறங்கியிருக்கும்.

பராமரிப்பு அதிகம் இல்லை. கண்ணாடியை ராத்திரியிலோ விடியற்காலையிலோ வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு துடையுங்கள், வெயிலில் சுட்ட கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரியும். பலத்த காற்று அடிக்கும் நாளில் பலகை பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும், அன்று சமைக்காமல் சட்டத்தை மட்டமாக்கிக் கயிறு போட்டுக் கால்களோடு கட்டிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ப்ளைவுட் உப்பி வற்றியிருக்கும். என் பலகையில் போன முறை நான்கு கண்ணாடி ஒரு செ.மீ. அளவுக்குப் பிசகியிருந்தது, எல்லாம் வடக்கு ஓரத்தில், தண்ணீர் தேங்கிய பக்கம். அதனால் மார்கழிக் கடைசியில் ஒரு ராத்திரி லேசரை எடுத்துக்கொண்டு 32யும் ஒரு சுற்று பார்த்துவிடுகிறேன், அந்த ஓரத்துக்கு இந்த வருடம் இரண்டு பூச்சு பெயின்ட் கூடுதலாக அடித்திருக்கிறேன்.